சாண்ட்பேப்பரைக் கீழே வையுங்கள்: ஒரு பழைய மோட்டார் படகின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

யார் கட்டியது, எந்த ஆண்டு, எந்த எஞ்சினோடு பட்டறையை விட்டு வெளியே போனது – இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு பழைய மரப் படகில் யாரும் உளி வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவில் மிச்சிகன், நியூயார்க் மாநிலங்களின் ஏரிக்கரைகளில் இன்றும் ஏதாவது ஒரு கொட்டகையிலிருந்து 1930களின் மகோகனிப் படகு ஒன்று வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறது, தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்து, வார்னிஷ் உரிந்து, கம்பெனித் தகடு கழன்று, கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல். வாங்கியவர் ஆசையோடு முதலில் செய்யும் வேலை அதைத் தேய்ப்பது. ஆனால் படகு எங்கே பிறந்தது என்று சொல்லும் எழுத்து பெரும்பாலும் அந்த அழுக்குக்கு அடியில்தான் இருக்கும், தேய்க்கும்போது அதுதான் முதலில் போகும்.

நம் ஊரில் ஒரு பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. புக்கை எடுத்து சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்கப் படகுகளுக்கு அப்படி நாடு முழுக்க ஒரே முறையிலான எண், 12 எழுத்தும் இலக்கமும் கொண்டது, 1972 நவம்பர் 1 முதல்தான் கட்டாயமானது. முதல் மூன்று எழுத்து கட்டியவரின் குறியீடு, அடுத்த ஐந்து வரிசை எண், மிச்சம் காலம். அதற்கு முன்னால் கட்டிய படகுகளுக்கு ஒவ்வொரு பட்டறையும் தன் வசதிக்குத் தன் எண்ணைப் போட்டது, சில பட்டறைகள் போடவே இல்லை. ஆகவே 1972க்கு முந்தைய படகு என்றால் துப்பறியும் வேலைதான்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க க்ரிஸ்-க்ராஃப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் படகுகளைவிட நல்ல உதாரணம் கிடையாது. மிச்சிகனில் செயின்ட் க்ளேர் ஆற்றங்கரையில் அல்கொனாக் என்று ஒரு சிற்றூர். அங்கே வாத்து வேட்டைக்குச் சிறு படகு கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித், பிறகு பந்தயப் படகுக்குப் போனார், 1915இல் அவர் கட்டிய மிஸ் டிட்ராய்ட் அமெரிக்காவின் கோல்டு கப் பந்தயத்தை வென்றது. 1922இல் மகன்களோடு சேர்ந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கி, ஒரே மாதிரிப் படகுகளை வரிசையாகக் கட்டி விற்க ஆரம்பித்தார். முதல் உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த கர்ட்டிஸ் ஓஎக்ஸ்-5 விமான எஞ்சின்களை, சுமார் 90 குதிரைத்திறன் கொண்டவை, படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பொருத்தினார்கள்.

விமான எஞ்சின் எதற்கு என்பதில்தான் படகின் வடிவத்தை வைத்து வயதைச் சொல்லும் வித்தை இருக்கிறது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகும் தன் நீளத்துக்கு ஏற்ற ஓர் அலையை எழுப்பும், வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் அணியம், அதாவது முன்பக்கம், ஓர் அலை முகட்டிலும் பின்பக்கம் பள்ளத்திலும் மாட்டிக்கொள்ளும். 22 அடிப் படகுக்கு இந்த எல்லை மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டி நீரின் மேல் எழும்பி வழுக்கிப் போக வேண்டுமென்றால் எடை குறைந்த பலமான எஞ்சினும் தட்டையான அடிப்பாகமும் வேண்டும். எனவே ஒடுங்கி நீண்ட, வட்ட வயிறு கொண்ட படகு என்றால் அது எழும்பி ஓடுவதற்காகக் கட்டியதில்லை, பெரும்பாலும் ஆரம்ப காலத்தது. அடியில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு இருந்தால் பந்தயக்காரர்கள் வேலை. பக்கமும் அடியும் கூர்மையான விளிம்பில் சந்திக்கும் வி-வடிவ அடிப்பாகம் என்றால் 1920களுக்குப் பிந்திய உல்லாசப் படகாக இருக்க வாய்ப்பு அதிகம். க்ரிஸ்-க்ராஃப்டின் பீப்பாய் முதுகு மாடலுக்குப் பின்பக்கம் பீப்பாய் போல உள்ளே வளைந்திருக்கும், அது 1939க்கும் 1942க்கும் இடையில் மட்டும் வந்தது, ஆகவே அந்த வளைவைப் பார்த்ததுமே நான்கு வருடத்துக்குள் வந்துவிடலாம்.

சரி, அடுத்தது எண். க்ரிஸ்-க்ராஃப்ட் ஒவ்வொரு படகுக்கும் ஓர் உடல் எண் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் மாடலுக்கு ஒரு தொகுதி எண்களை ஒதுக்கிவிடுவார்கள், போருக்குப் பின் எண்ணிலேயே மாடல் தெரியும்: யு-22 என்று தொடங்கினால் 22 அடி ஸ்போர்ட்ஸ்மன். இந்த எண் தகட்டில் இருக்கும். தகட்டை நான் கடைசியாகத்தான் நம்புவேன், ஏனென்றால் அதைப் பிடித்திருப்பது சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள், யார் வேண்டுமானாலும் கழற்றி வேறு படகில் மாட்டிவிடலாம்.

எஞ்சின் மூடிப் பலகையின் அடிப்புறத்திலும், தரைப் பலகைகளின் அடிப்புறத்திலும், வாங்குபவர் பார்வைக்கே வராத இடங்களிலும் அதே எண்ணை அச்சுக் குத்தியோ மெழுகுப் பென்சிலால் கிறுக்கியோ வைத்திருப்பதுதான் தேட வேண்டியது. மூடி, தரை, இருக்கை எல்லாம் அந்தந்தப் படகின் உடலுக்கு அளவெடுத்து இழைத்தவை, பக்கத்துப் படகில் உட்காராது. வார்னிஷ் அடிக்கக் கழற்றிக் கொண்டுபோனால் திரும்ப அதே படகுக்கு வந்து சேர வேண்டும், அதற்குத்தான் எண். வாடிக்கையாளருக்காக எழுதியது இல்லை, ஒரு தச்சர் இன்னொரு தச்சருக்காக எழுதியது, அதனால்தான் எனக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. மூன்று பலகையில் ஒரே எண், நான்காவதில் வேறு எண் என்றால் அந்த நான்காவது வேறு படகிலிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அழிந்த எழுத்தையும் ஓரளவு மீட்கலாம். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அச்சுக் குழிகள் நிழலில் தெரியும். கரியால் ஆன பென்சில் கோடு அகச்சிவப்புக் கதிரை நன்றாக உறிஞ்சும், மேலே படிந்த பழுப்பேறிய வார்னிஷ் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஆகவே அகச்சிவப்பில் எடுத்த புகைப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து கறுப்பாக வரும். இன்னும் அழகான ஒன்று உண்டு. அச்சுக் குத்தும்போது மர நார் வெட்டுப்படுவதில்லை, நசுங்குகிறது, அந்த நசுக்கல் குழியின் அடிமட்டத்துக்கும் கீழே கொஞ்சம் போகும். குழி மறையும்வரை யாரோ தேய்த்துவிட்டாலும் நசுங்கிய நார் உள்ளே இருக்கும், ஈரத் துணியை வைத்தால் அது தண்ணீர் குடித்து உப்பி, எண் மேடாக எழும்பக்கூடும். திருட்டு வண்டியில் ராவிய சேசிஸ் நம்பரைத் தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி எடுப்பதும் இதே தத்துவம்தான், அங்கே நார் இருக்கும் இடத்தில் நசுங்கிய உலோகப் படிகங்கள்.

எண் கிடைத்துவிட்டால் வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸ் ஊரில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்துக்குப் போக வேண்டும். கம்பெனியின் பழைய ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு படகுக்கும் ஓர் அட்டை: எந்த எஞ்சின், அதன் எண் என்ன, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பியது, இருக்கைத் தோலின் நிறம் என்ன என்பதுவரை. அட்டையில் உள்ள எஞ்சின் எண்ணும் படகில் இருக்கும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போனால் அது பெரிய விஷயம், ஏனென்றால் எஞ்சின்தான் படகில் முதலில் மாறுகிற பாகம். ஒரு சின்ன எச்சரிக்கை. அட்டையில் உள்ளது அனுப்பிய தேதி, மாடல் வருடம் இல்லை, 1938 இலையுதிர்காலத்தில் அனுப்பிய படகு 1939 மாடலாக இருக்கலாம், இதை வைத்து நடக்கும் சண்டைகள் ஏராளம்.

எண்ணே இல்லை, அட்டையும் இல்லை என்றால் பொருட்களைத்தான் கேட்க வேண்டும். முதலில் மரம். மகோகனி என்று பொதுவாகச் சொல்வதில் அமெரிக்க வெப்பமண்டலத்தின் சுவிட்டீனியா உண்டு, பிலிப்பைன்ஸ் மகோகனி என்று விற்கப்பட்ட ஷோரியாவும் உண்டு, இரண்டும் வேறு குடும்பம். வெட்டு முகத்தை பிளேடால் சீவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஷோரியாவில் வெள்ளைப் புள்ளிகள் கோடு கோடாக ஓடும், அவை பிசின் குழாய்கள், சுவிட்டீனியாவில் அவை இயல்பாக இருக்காது. ஏரா மரமும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) வளைத்த வங்குகளும் (விலா எலும்பு போன்ற சட்டங்கள்) அமெரிக்கப் படகுகளில் பெரும்பாலும் வெள்ளை ஓக். அதன் நுண்துளைகள் அடைபட்டிருப்பதால் தண்ணீர் ஏறாது. மலிவாக ரிப்பேர் செய்தவர்கள் சிவப்பு ஓக்கைச் சொருகியிருப்பார்கள், அதன் துளை திறந்தே இருக்கும், சீக்கிரம் உளுத்துப்போகும். சோடியம் நைட்ரைட் கரைசலை ஒரு சொட்டு விட்டால் வெள்ளை ஓக்கின் வைரம், அதாவது நடுவில் உள்ள முற்றிய மரம், கருநீலமாகும், சிவப்பு ஓக் அவ்வளவாக மாறாது. ஐந்து நிமிட வேலை, எந்தத் துண்டு பிற்காலத்து ஒட்டு என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஸ்க்ரூ. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில், ஆகவே 1929 படகு என்று சொல்லப்படும் ஒன்றின் பக்கப் பலகையில் அது இருந்தால் அந்தப் பலகையைப் பின்னால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். உலோகமும் பேசும். பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்புநீர் கரைத்து எடுத்துவிடும், மிச்சம் இருப்பது இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சுபோன்ற செம்பு, திருப்பினால் தலை உடைந்து கையோடு வரும். சிலிக்கான் வெண்கலத்தில் இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் பின்னாளில் பழுதுபார்த்தவர்கள் அதற்கு மாறினார்கள். பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பழைய கலப்பத்துக்குப் பதிலாக எபாக்ஸி இருந்தால் அந்த வேலை 1970களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு.

பெயிண்ட் விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்காது. போர் முடிந்த கையோடு மகோகனி கிடைக்காமல், க்ரிஸ்-க்ராஃப்ட் சில படகுகளை ஸ்பானிஷ் சிடார் பலகையால் கட்டி, மரம் தெரியாதபடி பெயிண்ட் அடித்து அனுப்பியது. அந்தப் பெயிண்ட்தான் அசல். மகோகனி என்றால் பளபளக்க வேண்டும் என்ற நினைப்பில் அதைச் சுரண்டிவிட்டு வார்னிஷ் பூசிய படகுகள் எத்தனையோ. ஓரத்தில் ஒரு நெல்மணி அளவு துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்கே மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கட்டிய நாளிலிருந்து பூசிய ஒவ்வொரு அடுக்கும் வரிசையாகத் தெரியும். வெள்ளை அடுக்கில் ஈயம் இருக்கிறதா டைட்டானியம் இருக்கிறதா என்று எக்ஸ்-கதிர்க் கருவி சொல்லும். ரூட்டைல் படிக வகை டைட்டானியம் வெள்ளை இரண்டாம் உலகப் போர்க் காலம் தொட்டுத்தான் பரவலானது, அடிமட்ட அடுக்கில் அது இருந்தால் அந்தப் பலகை 1920களில் பூசியது என்று யாரும் சொல்ல முடியாது.

முழுப் படகையே புதிதாகக் கட்டிவிட்டு ஒரு பழைய தகட்டை மாட்டினால்? அதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1950களின் நடுவிலிருந்து 1963வரை வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கின. அதன்பின் பல பத்தாண்டுகள் வளர்ந்த மரத்தில் அந்தக் கூடுதல் பதிந்திருக்கும். 1930 படகின் பலகையில் அது இருக்கவே முடியாது. ஆனால் இது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி: கூடுதல் இருந்தால் பொய் உறுதி, இல்லாவிட்டால் உண்மை உறுதி கிடையாது, ஏனென்றால் 1990இல் வெட்டிய முதுமரத்தின் உள்வைரம் 1900இல் வளர்ந்ததாக இருக்கலாம்.

எண் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இத்தாலியில் ஒரு கதை. சர்னிகோ ஊரின் ரீவா பட்டறை 1968இல் ஃபெருச்சியோ லம்போர்கினிக்காக அக்வாரமா என்ற மாடல் மோட்டார் படகு ஒன்றைக் கட்டியது, உள்ளே அவருடைய கார் கம்பெனியின் வி12 எஞ்சின்கள் இரண்டு. பின்னால் அந்த எஞ்சின்களை எடுத்துவிட்டு வேறு எஞ்சின்களை வைத்தார்கள், பார்வைக்கு மற்ற அக்வாரமாக்களில் ஒன்றாகிவிட்டது. இன்னார் படகு என்று சொல்ல மிஞ்சியது உடல் எண் 278. அதை வைத்துத்தான் நெதர்லாந்தில் ஒரு ரீவா பட்டறை அதைப் புதுப்பித்து, 2013இல் மறுபடி வி12களோடு நீரில் இறக்கியது.

பிரிட்டனில் தேடல் வேறு மாதிரி. பதிவு செய்த கப்பல், படகுகளுக்கு அரசு தரும் எண்ணை முக்கிய உத்தரத்திலேயே செதுக்க வேண்டும். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் மாறாது, 1878 முதல் 1980 வரை வெளிவந்த லாயிட்ஸ் உல்லாசப் படகுப் பதிவேட்டின் தொகுதிகளில் முதலாளி முதலாளியாகப் பின்னோக்கிப் போகலாம். 1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஜெர்மன் படை சூழ்ந்த பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து 338,226 வீரர்களை மீட்டதில் நூற்றுக்கணக்கான சிறு படகுகளும் பங்கெடுத்தன. என் படகும் போனது என்று சொல்பவர்கள் பலர், ஆகவே 1966இல் உருவான டன்கர்க் சிறு படகுகள் சங்கம் இதில் ஆதாரம் கேட்கும். டைட்டானிக்கின் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்து பிழைத்த சார்ல்ஸ் லைட்டோலர் தானே ஓட்டிப்போன சன்டவுனர் என்ற படகு இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் பாதுகாக்கப்படுகிறது.

பலகையை மாற்றாமல் எந்த மரப் படகும் நூறு வருடம் ஓடாது, அதில் தப்பில்லை. க்ரிஸ்-க்ராஃப்டின் அடிப்பாகம் இரண்டு அடுக்குப் பலகையும் நடுவில் துணியுமாக இருக்கும், அது அழுகினால் முழுசாக மாற்றத்தான் வேண்டும். நல்ல தச்சர்கள் கழற்றும் முன் ஒவ்வொரு பலகையையும் இரண்டு பக்கமும் படம் எடுப்பார்கள், எழுத்து இருக்கும் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, புதிய மூடியின் அடிப்புறத்தில் அது முன்பு இருந்த அதே இடத்தில் ஸ்க்ரூ போட்டு வைத்துவிடுவார்கள், பக்கத்தில் தாங்கள் மாற்றிய தேதியையும் பென்சிலால் எழுதி.