பஃபர் எனும் தாங்கல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும், தமிழ் வானொலியான மின்னலைப் பற்றி இந்தப் பேச்சு காதில் விழும்: "மின்னல் எஃப்.எம். போட்டா சும்மா பஃபர் ஆயிக்கிட்டே இருக்கு." தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தரை வீட்டுக்கு மாறி வந்த பாட்டிமார்கூட, கைப்பேசியில் பாட்டு நின்று வட்டம் சுற்றினால் "பஃபர்" என்றுதான் சொல்கிறார்கள். சொல் நன்றாகவே தமிழ் வாய்க்குப் பழகிவிட்டது. பொருள்தான் தலைகீழாகக் கிடக்கிறது.

பாட்டு நிற்காமல் காப்பதற்கான ஏற்பாட்டுக்குத்தான் பஃபர் என்று பெயர். இணையம் வழியே வரும் ஒலி ஒரே சீராக வருவதில்லை. துண்டு துண்டாக, ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து சேரும். செயலி அவற்றைச் சில விநாடிகள் முன்னதாகவே வாங்கி நினைவகத்தில் சேர்த்து வைத்து, அங்கிருந்து ஒழுங்காக எடுத்து ஒலிக்கிறது. அந்தச் சேமிப்பில் இருப்பு உள்ளவரை வரத்தில் ஏற்படும் தடங்கல் காதுக்கு எட்டாது. வட்டம் சுற்றுகிறது என்றால் இருப்பு தீர்ந்து, மறுபடி நிரம்பக் காத்திருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர், மெத்தென்ற பொருள்மேல் அடி விழும்போது எழும் மந்தமான ஓசை. அடி, அறை என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றோடு அதற்கு உறவு. நம்முடைய 'பொத்'தும் கேட்க அப்படித்தான் இருக்கிறது. அதற்காக உடனே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது, பெட்டிகள் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வில் தட்டுக்கு இந்தப் பெயர் ஏற்பட்டது. பிறகு வேதியியல், அரசியல் என்று சுற்றிக் கணினிக்குள் வந்து சேர்ந்தது.

தோட்டத் தொழிலைக் கவனித்தவர்கள் இந்தச் சொல்லை வேறு வழியாகவும் அறிவார்கள். 1979இல் உருவான அனைத்துலக இயற்கை ரப்பர் உடன்பாட்டின் உயிர்நாடியே பஃபர் ஸ்டாக்தான். 550,000 டன் வரை ரப்பரைக் கையிருப்பில் வைக்க அதில் இடமிருந்தது. கோலாலம்பூரில் இயங்கிய அமைப்பு விலை சரியும்போது வாங்கிச் சேர்த்தது, ஏறும்போது விற்றது. 1999இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ரப்பரானாலும் ஒலியானாலும் தத்துவம் ஒன்றே: ஏற்ற இறக்கத்தை இருப்பு வாங்கிக்கொள்ளும்.

தமிழில் என்ன சொல்வது? கணினிக் கலைச்சொல் பட்டியல்களில் 'இடையகம்' என்று இருக்கும். பிழையில்லை, ஆனால் அது இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. வேதியியல் பாடநூல் 'தாங்கல் கரைசல்' என்கிறது. பொருளியலில் 'தாங்கியிருப்பு' உண்டு. தாங்குதல் என்றால் சுமத்தல், தடுத்தல் இரண்டும்தான். சுமைதாங்கி, இடிதாங்கி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வேர் அது.

அதோடு தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கும் சிறிய ஏரி. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த செங்கல்பட்டு, வட ஆற்காட்டுப் பகுதிகளில் ஊர்ப் பெயரிலேயே அது நிற்கிறது: வேடந்தாங்கல், பழவந்தாங்கல். மழை விட்டு விட்டுப் பெய்தாலும் வயலுக்குத் தண்ணீர் தொடர்ந்து போகும். கணினித் தாங்கலின் வேலையும் இதேதான். என் வாக்கு இந்தச் சொல்லுக்கே.

பொருள் தெளிந்தால் வீட்டில் எதைச் சரிசெய்வது என்பதும் தெளியும். பலரும் முதலில் செய்வது கூடுதல் வேகப் பேக்கேஜுக்கு மாறுவது. தரமான பாட்டுக்கு விநாடிக்கு 320 கிலோபிட் போதும். குறுந்தட்டுத் தரத்தில் அமுக்காமல் அனுப்பினாலும் 1,411 கிலோபிட்தான். 100 மெகாபிட் இணைப்பு முதலாவதைப் போல் முந்நூறு மடங்குக்கு மேல். ஆக, வரத்தின் அளவு போதும், சீர்தான் இல்லை.

இன்னொன்று: பாட்டுச் செயலி முழுப் பாட்டையும் முன்கூட்டியே இறக்கிவிட முடியும். நேரலை வானொலிக்கு அந்த வசதி இல்லை. அறிவிப்பாளர் இன்னும் பேசாததை எப்படிச் சேமிப்பது? அதனால் நேரலையின் தாங்கல் சிறியது, சீக்கிரம் வற்றும். பாட்டுச் செயலி ஓடும் அதே வீட்டில் மின்னல் மட்டும் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

தரை வீட்டில் ரௌட்டர் வாசல் ஹாலில் இருக்கும், பாட்டு கேட்பது பின்பக்கச் சமையல்கட்டில். நடுவே இரண்டு மூன்று செங்கல் சுவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி வரும், ஆனால் அதே அலைவரிசையில் பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் நெருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் நெருக்கடி குறைவு, சுவருக்குப் பின்னால் வலுவும் குறைவு. 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11. வரிசை வீடுகளில் இவற்றில் எது காலியாக இருக்கிறதோ அதில் வைக்கலாம். என்னைக் கேட்டால், பின்பக்கம் வரை ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டியை மாட்டுவதே சிறந்தது. கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். கூரைக்கு மேல் இழுக்க ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு.

தாங்கல் பெரிதானால் நல்லதுதானே என்று கேட்கலாம். கேட்கும் கருவியில் நல்லது, ரௌட்டரில் எல்லை உண்டு. மகன் கல்யாண வீடியோவை மேலேற்றும்போது ரௌட்டர் பொட்டலங்களை (இணையத்தில் போய்வரும் தரவுத் துண்டுகளை) அளவுமீறிப் பிடித்து வரிசையில் நிறுத்தினால், பாட்டுக்கான பொட்டலங்களும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். 2010 வாக்கில் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். தமிழில் 'தாங்கல் வீக்கம்' எனலாம். கணினி வலையமைப்பு ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட 'கோடெல்' முறை, பொட்டலம் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்து, அது நீண்டுகொண்டே போனால் சிலவற்றைக் கைவிட்டு வரிசையைக் குறைக்கிறது. ரௌட்டரில் இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் 'எஸ்.கியூ.எம்.' என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, மேலேற்றும் வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் போதும்.