15ஆம் தேதி வரும் ஆயிரம் ரூபாய் யார் யார் கைக்குப் போகிறது?

மாதம் 15ஆம் தேதியை ஒட்டி சென்னை வியாசர்பாடியில் எந்த மளிகைக் கடையிலும் இதைப் பார்க்கலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் கடன் நோட்டை அண்ணாச்சி எடுத்துப் புரட்டுவார். “போன மாசத்துது 460 நிக்குதும்மா.” அதை அடைத்துவிட்டு, கையோடு அரிசி, பருப்பு, ஒரு பாக்கெட் பாமாயில் வாங்கிக்கொண்டு போவார்கள். குடும்பப் பெண்களுக்குத் தமிழக அரசு மாதாமாதம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை கணக்கில் ஏறிய நாள் அது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் இது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மேல் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஆயிரம் என்றால் மாதம் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. “இவ்வளவு பணத்தைக் கொடுத்தால் அரசு என்ன ஆகும்?” என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் அதோடு நின்றுவிடுவதில்லை.

அண்ணாச்சி அந்தக் காசில் மொத்தக் கடைக்குப் பாக்கி கட்டுகிறார், கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுக்கிறார். பையன் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறான், மெஸ்ஸில் சாப்பிடுகிறான். ஒவ்வொருவரும் வாங்கிய நூறில் அறுபதை உள்ளூரிலேயே செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். 1000, அப்புறம் 600, அப்புறம் 360 என்று குறைந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் 2500. பொருளாதாரத்தில் இதற்குப் பெருக்கி விளைவு என்று பெயர். வழியில் வரியாகவும் கொஞ்சம் திரும்புகிறது: பாமாயிலுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதில் பாதி மாநிலத்துக்கு.

கசிவும் இருக்கிறது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அந்தக் காசு நம் தெருவுக்குத் திரும்பாது. வங்கியில் தூங்கும் பணமும் அப்படித்தான், உடனே சுற்றாது. ஆகவே யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையில் இருப்பு இல்லாத வீட்டில் ஆயிரம் ரூபாய் ஒரு வாரம்கூடத் தங்காது. வசதியான வீட்டில் அதே ஆயிரம் சேமிப்பில் போய் உட்காரும்.

திட்டத்தின் விதிகளை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள். வருமான வரி கட்டும் வீடு, கார் வைத்திருக்கும் வீடு, அரசு ஊழியர் வீடு கிடையாது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண். நீதிக்காகப் போட்ட வடிகட்டி இது. பணத்தை வேகமாகச் சுற்ற வைப்பதும் இதேதான் என்பது என் எண்ணம்.

கடன் வாங்கிக் கொடுத்தால் வட்டி கட்ட வேண்டும், அதுவும் உண்மை. பள்ளிக்கூடம், மெட்ரோ பாதை போன்றவற்றுக்குப் போகும் செலவு பல ஆண்டுகளுக்குப் பலன் தரும். இது தருவது இந்த மாத வியாபாரத்தை. இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை வெட்டினால் தெருவுக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம்.

அந்த விதிகளுக்கு உட்பட்டும் மனு நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.