கிளட்ச் ஸ்பிரிங்கை அமுக்குவது யார் வேலை?

காலை 9 மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் பைக்கில் போகிறவருக்கு முதலில் கெஞ்ச ஆரம்பிப்பது இடது கைதான். கட்டைவிரலின் அடிமூட்டிலோ விரல் கணுக்களிலோ தேய்மானம் வந்துவிட்டால் ஒவ்வொரு சிக்னலும் தண்டனை. "ஸ்கூட்டருக்கு மாறிடுங்க" என்பார்கள் வீட்டில். பலருக்கு அதுவே நல்ல யோசனைதான். பைக்கை விட மனமில்லாதவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்று புரிய, கிளட்சுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினால் நின்ற நிலையிலிருந்து எதையும் இழுக்க முடியாது. நிமிடத்துக்கு ஆயிரம் சொச்சம் முறையாவது அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ சிக்னலில் நின்றாக வேண்டும். இரண்டையும் பிரித்து, அப்புறம் மெதுவாகச் சேர்ப்பதுதான் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் இரும்பு பிளேட் ஒன்று என்று மாறி மாறி அடுக்கி, அந்த அடுக்கை நாலைந்து ஸ்பிரிங்குகளால் இறுக்கி வைத்திருப்பார்கள். கிளட்ச் பிடிக்கிறோம் என்றால் அந்த ஸ்பிரிங்குகளைக் கையால் அமுக்குகிறோம், அவ்வளவுதான். பிளேட்டுகள் விலக ஓரிரு மில்லிமீட்டர் போதும். ஆனால் இன்ஜினின் உச்ச இழுவிசையிலும் பிளேட் வழுக்கக் கூடாது என்பதால் ஸ்பிரிங் வலுவாகவே இருக்கும்.

அந்த வலுவை விரல்கள் சமாளிப்பது நெம்புகோலின் தயவில். லிவர் திரும்பும் முனையிலிருந்து வயர் மாட்டும் இடம் சுமார் 3 செ.மீ., விரல் பிடிக்கும் இடம் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், விசை நாலு மடங்காகிறது. சிக்கல் கைக்குள் இருக்கிறது. அங்கேயும் ஒரு நெம்புகோல் உண்டு, ஆனால் தலைகீழாக. விரலை மடக்கும் தசைநாண் கணு மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. தள்ளித்தான் ஓடுகிறது. லிவரை இழுக்கும் விரல்நுனியோ 7, 8 செ.மீ. தள்ளி இருக்கிறது. பைக் நமக்குக் கொடுத்த லாபத்தை உடம்பு வாங்கி, அதற்கு மேலும் செலவழித்துவிடுகிறது. கட்டைவிரல் இன்னும் மோசம். 1977இல் கூனி, சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டில் விழுவது சுமார் 12 கிலோ. இறுக்கிப் பிடித்தால் 120 கிலோ வரை போகலாம். லிவரில் அரை கிலோ குறைத்தாலும் மூட்டுக்கு அது பெரிய விடுதலை என்பது இதனால்தான்.

அந்த அரை கிலோவை மிக மலிவாகத் தருவது கிளட்ச் வயர். வளைந்து போகும் உறைக்குள் கம்பி உரசும்போது ஏற்படும் இழப்பு, வளைவோடு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உறையின் வளைவுகள் எல்லாம் சேர்ந்து 180 பாகை என்றும், உராய்வுக் கெழு (எவ்வளவு உரசுகிறது என்று காட்டும் எண்) 0.1 என்றும் வைத்துக்கொள்வோம். இன்ஜின் பக்கம் 10 கிலோ தேவைப்பட்டால் லிவர் பக்கம் வயரை 13.7 கிலோ விசையில் இழுக்க வேண்டும். துருவும் மண்ணும் ஏறிக் கெழு 0.3 ஆகிவிட்டால் அதே வேலைக்கு 25.7 கிலோ. பழைய புல்லட்டில் "கிளட்ச் ஹார்டா இருக்கு" என்று மெக்கானிக்கிடம் போகிறவர்களில் பலருக்கு வேண்டியது புது வயரும், ஹேண்டில்பாருக்குக் கீழே அதைக் கூர்மையாக மடங்காமல் கொண்டுபோவதும்தான். உள்ளே நைலான் உறை உள்ள வயரில் கனமான கிரீஸை அடைக்கக் கூடாது. அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

லிவரை எங்கே பிடிக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். அழகுக்காக விற்கும் குட்டை லிவர்கள் விரலை அச்சுக்குப் பக்கத்தில் தள்ளுகின்றன. மூட்டுவலிக்காரர் அவற்றைத் தொடவே வேண்டாம். நீள லிவரின் நுனியைப் பிடித்தால் அதே வேலை குறைந்த விசையில் முடியும். கை அகல விரிந்த நிலையில் பிடிக்கு வலு கிடையாது, ஏறக்குறைய 5 செ.மீ. விரிப்பில்தான் பெரும்பாலோருக்கு நல்ல பிடி. தூரத்தைக் குறைக்கும் திருகு உள்ள லிவர் அதனால் உதவும். கைப்பிடிக்குத் தடித்த உறை போட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லைதான், ஆனால் லிவர் அந்த அளவுக்குத் தள்ளிப் போய்விடும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்ஜின் பக்கம் வயர் வந்து இழுக்கும் சிறு கை, அதாவது கிளட்ச் ஆர்மை, நீளமாக்கிப் போடுவதும் உண்டு. விசை குறையும், பதிலுக்கு வயர் அதிக தூரம் நகர வேண்டும். லிவரோ ஹேண்டில்பாரில் முட்டிவிடும். பிளேட் முழுசாக விலகாது, சிக்னலில் நியூட்ரல் விழாது. வயருக்குப் பதில் குழாய்க்குள் திரவத்தைத் தள்ளி வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்சும் இந்தப் பேரத்திலிருந்து தப்பாது. உறை உரசலை ஒழிப்பதுதான் அதன் ஆதாயம். லூசான ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். முதல் மேம்பாலத்திலேயே பிளேட் வழுக்கும்.

ஸ்பிரிங்கை மென்மையாக்கியும் வழுக்காமல் இருக்க ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. அசிஸ்ட் கிளட்ச் என்பது அதுதான். கிளட்சின் நடுப்பகுதியைச் சாய்தளங்கள் கொண்ட இரண்டு துண்டுகளாகச் செய்திருப்பார்கள். இன்ஜின் இழுக்கும்போது ஒன்று மற்றதன் சரிவில் நகர்ந்து, பிளேட் அடுக்கைத் தானே இறுக்கிக்கொள்ளும். எவ்வளவு இழுவிசையோ அவ்வளவு இறுக்கம். ஆகவே ஸ்பிரிங் பாதுகாப்புக்கு மட்டும் இருந்தால் போதும். சிக்னலில் நிற்கும்போது இழுவிசையே இல்லை. கை சந்திப்பது அந்த மென்மையான ஸ்பிரிங்கை மட்டுமே. ராயல் என்ஃபீல்டின் 650 வண்டிகளிலும், ஹோண்டா சிபி350இலும், யமஹா ஆர்15இன் மூன்றாம் பதிப்பிலிருந்தும் இது இருக்கிறது. புது பைக் வாங்குகிற மூட்டுவலிக்காரர் மைலேஜுக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

கையை முழுவதுமாக விடுவிக்கும் வழி நமக்குப் புதிதல்ல. ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50இல் கிளட்ச் லிவரை யார் பார்த்தார்கள்? இன்ஜின் வேகமெடுத்ததும் உள்ளே சுழலும் கட்டைகள் வெளியே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். மைய விலக்கு விசைதான் அங்கே கை. ஹோண்டாவின் சூப்பர் கப் 1958இலேயே இதைக் கியரோடு சேர்த்தது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு கடைப்பையன் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்குகளில் ஒன்று. அதில் கியர் பெடலை மிதிக்கும்போது அந்தக் காலே கிளட்சையும் விலக்கிவிடும். மலேசியத் தமிழர்கள் கப்சாய் என்று ஓட்டும் ஹோண்டா இஎக்ஸ்5 அந்த வழியில் வந்ததுதான். டிவிஎஸ் 2009இல் ஜைவ் என்ற பெயரில் இதே வசதியை 110 சிசி பைக்கில் கொடுத்தது. நம் ஆட்கள் வாங்கவில்லை. கிளட்ச் இல்லாத பைக்கைப் பைக்காகவே மதிக்காத இளவட்டம் ஒரு பக்கம், வேண்டியவர்களுக்கு அது தெரியவே இல்லை என்பது இன்னொரு பக்கம் என்று நினைக்கிறேன். நல்ல வண்டி, பாவம்.

அமெரிக்காவின் ரெக்லூஸ் நிறுவனம் சாதாரண கிளட்சுக்குள்ளேயே பொருத்துகிற மாதிரி ஒரு தட்டு விற்கிறது. சுழற்சி கூடும்போது அதற்குள் இருக்கும் சிறு ஆப்புகள் வெளியே தள்ளப்பட்டு, தட்டு தடித்து, அடுக்கை இறுக்கும். லிவர் அப்படியே இருக்கும், வேண்டும்போது பிடிக்கலாம். பெரும்பாலும் டர்ட் பைக்குகளுக்கும் பெரிய பைக்குகளுக்கும்தான் கிடைக்கிறது. இந்த வகைக் கிளட்சில் ஒரு எச்சரிக்கை உண்டு: இன்ஜின் நின்றால் கிளட்ச் விலகியே இருக்கும். சரிவில் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருண்டுவிடக்கூடும்.

மோட்டாரிடம் வேலையைக் கொடுப்பது கடைசி வழி. ஹோண்டா 2023இல் அறிமுகம் செய்த இ-கிளட்ச், சிறு மின்மோட்டார்கள் இரண்டைக் கொண்டு பிளேட்டுகளை விலக்கிச் சேர்க்கிறது. காலால் கியர் போட்டால் போதும். அதே நிறுவனத்தின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் அந்தக் கால் வேலையும் இல்லை. மின்சார பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கிளட்சே கிடையாது, ஏனென்றால் மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும்.

கியர் மாற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவிக்‌ஷிஃப்டர், கியர் பெடலை மிதித்த கணத்தில் இன்ஜினின் எரிப்பைச் சற்றே துண்டிக்கும். கியர் பற்களின் மேலிருந்த சுமை விலகி, கிளட்ச் பிடிக்காமலே அடுத்த கியர் விழும். நெடுஞ்சாலையில் அருமை. ஆனால் நிற்கவும் கிளம்பவும் கை வேண்டும் என்பதால், வலி அதிகமாகிற சிக்னல்களில் அதனால் பயனில்லை. பிரிட்டனில் ஊனமுற்ற ஓட்டுநர்கள் பயன்படுத்தும் கிளிக்ட்ரானிக் போன்ற கருவிகளில், ஹேண்டில்பாரிலுள்ள பொத்தானை அழுத்தினால் மோட்டார் கியர் பெடலைத் தள்ளும். அது கால் முடியாதவருக்கு. கை நோகிறவருக்குக் காலின் சுமையைக் கட்டைவிரலுக்கு மாற்றுவது வீண்வேலை. பழைய சேத்தக்கில் கிளட்சைப் பிடித்தபடியே மணிக்கட்டைத் திருப்பி கியர் போட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

மேலே சொன்ன எதுவும் வலது கையைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரைப் பிடித்தே இருக்கும் அலுப்பைக் குறைக்க உள்ளங்கை ஊன்றும் சிறு தட்டு மாட்டலாம், ஆனால் பிரேக்குக்கு விரலை நீட்டும்போது அது தெரியாமல் ஆக்சிலேட்டரைத் திருப்பிவிடக்கூடும். முன் பிரேக் இன்னும் முக்கியம். அவசரத்தில் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதற்கு. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் 125 சிசி வரையிலான வண்டிகளில் இணைப்பு பிரேக்காவது இருக்க வேண்டும் என்று ஆனதால், பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். முழுசாக அல்ல. வலி மோசமாக இருக்கும் ஒரு காலையில், காலி மைதானத்தில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முன் பிரேக்கை அழுத்தி நிறுத்திப் பாருங்கள். அது முடியவில்லை என்றால் கிளட்சுக்குச் செலவு செய்வதைத் தள்ளிப்போட்டு, முதலில் பிரேக் லிவரையும் மருத்துவரையும் கவனிக்க வேண்டும்.