ஆறு மணி நேரத் தூக்கம் பழகிவிட்டதா?

வேலையில் கவனம் நிற்கவில்லை என்று எங்களிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் "ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்பார்கள். பழகுவது உணர்வு மட்டும்தான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் அடியோடு கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்களுக்கோ தூக்கக் கலக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால்தான் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற சொல்லை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

அறிகுறிகள் மேசையில் தெரியும். ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படிப்பது, எண்ணை இடம் மாற்றித் தட்டுவது, கடினமான வேலையைத் தள்ளிவைத்துச் சில்லறை வேலைகளையே முடிப்பது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் நழுவுகிறது. சிடுசிடுப்பும் கூடும்.

சரிசெய்ய, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். காலை 6.30-க்கு எழ வேண்டுமென்றால் இரவு 10.45-க்கு விளக்கு அணைய வேண்டும். தூக்கம் வர இருபது நிமிடம் போனாலும் ஏழு மணி நேரம் மிஞ்சும். விடுமுறையிலும் எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். அங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எழுந்ததும் கால் மணி நேரம் வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக் காபியில் பாதி, இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துவது நல்லது. குட்டித் தூக்கம் வேண்டுமென்றால் 3 மணிக்கு முன், அலாரம் வைத்து 20 நிமிடம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேர்ந்து, மந்தம்தான் மிஞ்சும்.

உடல் அசைவும் இதோடு சேர்ந்ததே. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி குறைந்தபட்சம். ஆனால் காலையில் நடந்துவிட்டு எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் முழுப் பலன் கிடைக்காது. இடையிடையே எழுவதற்காக அரை மணிக்கொரு அலாரம் வைப்பவர்கள் சில நாட்களிலேயே அதை அணைத்துவிடுகிறார்கள். கைபேசி அழைப்புகளை எல்லாம் நின்றோ நடந்தோ பேசும் பழக்கம்தான் நீடிக்கிறது. மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் குறையும்.

மூன்று வாரம் இப்படி இருந்தும் பகலில் கண் சொருகினால், பலத்த குறட்டையோ, மூச்சுத் திணறி விழிப்பதோ, காலைத் தலைவலியோ இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். தாமாகத் தூக்க மாத்திரை போடாதீர்கள். சில மாத்திரைகள் மூச்சுத் தடையை மோசமாக்கும். மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.