கிணற்றை ஆழமாக்கினால் உவர் போகுமா?

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பக்கத்துத் தோட்டக்காரர் ஆழக்குழாய்க் கிணறு அடித்துப் பெரிய மிசின் போட்டதிலிருந்து, சித்திரை வந்தாலே எங்கள் கிணறு உவர்க்கிறது. இன்னும் பத்தடி வெட்டினால் நல்ல தண்ணீர் வருமா?"

வராது. இருக்கிற நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிற மழை செம்மண்ணில் இறங்கி, கீழே வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது.

அதே கல்லுக்குள் அடியால் கடல்நீரும் புகுந்திருக்கிறது. ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1025 கிராம். ஆகவே மழைநீர் அதன்மேல் மிதக்கிறது, சட்டியில் சுட்ட அப்பம் மாதிரி: நடு தடிப்பு, விளிம்பு மெலிவு. எவ்வளவு ஆழத்துக்கு? 1000ஐ 25ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வரும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான கைபனும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டுசொன்ன கணக்கு இது.

இனி இதைத் திருப்பிப் போடுங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழே உவர் நாற்பதடி ஏறப் பார்க்கும். உடனே ஏறிவிடாது. ஆனால் இறைக்கும் கிணற்றுக்கு நேர் கீழே, கவிழ்த்த புனல் போல் மெல்ல மெல்ல எழும்பும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதர் களைத்துப் போவார்கள், கிணறு ஆறும். மிசினுக்குக் களைப்புக் கிடையாது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிக் கிளாசில் பாதிக்குச் சாயம் கலந்த உப்புத் தண்ணீர். அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீர். இரண்டும் சந்திக்கிற கோட்டுக்குச் சற்று மேலே ஸ்ட்ரோவை வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள், ஒன்றும் நடக்காது. பலமாக உறிஞ்சுங்கள், சாயம் கூம்பாக எழும்பி வாய்க்குள் வந்துவிடும்.

குடாநாட்டில் பேர்போன நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீர், ஆழத்தில் உவர். இராமன் அம்பு எய்து அந்தக் கிணற்றை உண்டாக்கிய கதையைச் சின்ன வயதில் நானும் வாய் பிளந்து கேட்டவன்தான். ஆனால் அந்தக் கதையை எழுதி வைத்த பலகைக்குப் பக்கத்தில் இந்த நாற்பதையும் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

வெடிப்புள்ள கல்லுக்கு இன்னொரு குணம், அது வடிகட்டாது. வெங்காயப் பாத்திக்கு அளவு மிஞ்சிப் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழிக் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாக ஆக இன்னும் செறியும்.

அதனால்தான் காணி காணியாக எடுக்கும் நடவடிக்கை சரிவராது. ஓர் ஊரே ஒரே அப்பத்தைப் பிய்த்துத் தின்கிறது. எங்கே எத்தனை மிசின், எவ்வளவு ஆழம், எந்த மாதம் எவ்வளவு உவர் என்று சேர்த்துப் பார்த்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும். பெரிய திட்டங்களுக்குக் கல் நாட்டப் பணம் கிடைக்கிறது. கிணற்று மட்டத்தை மாதாமாதம் அளந்து எழுத ஓர் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் ஏனோ கை சுருங்குகிறது.

சரி, வாசகருக்கு: வெட்ட வேண்டாம். தோட்டக்காரரோடு பேசி, ஒரே மூச்சாக இறைக்காமல் விட்டு விட்டு இறைக்கச் சொல்லிப் பாருங்கள். கூரைத் தண்ணீரை றோட்டுக்கு விடாமல் வளவுக்குள்ளேயே தேக்கி நிலத்தில் இறங்க விடுங்கள். ஏறிய உவர் கீழே இறங்க ஒரு மாரி போதாமல் போகலாம்.