ஏற்காட்டில் குழுவாக நடக்கப் போகிறீர்களா? அனுமதி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

சனி, ஞாயிறு மத்தியானம் சேலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து மலையேறி, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நாம் கால் வைக்கப்போகும் நிலம் யாருடையது?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஊர்ச்சாலை, எஸ்டேட், காப்புக்காடு (வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள அரசுக் காடு) மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் போகும் சாலைகளிலும், மலைக் கிராமங்களுக்குப் போகும் தார்ச்சாலைகளிலும் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எஸ்டேட் அப்படியில்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காபிச் செடி, நடுவே தெளிவான ஒற்றையடிப் பாதை. வேலி இல்லாத இடத்தில் அது பொதுவழி போலவே தெரியும். ஆனால் பட்டா நிலம். உரிமையாளரிடமோ அங்கே வேலை பார்ப்பவர்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. அதிலும் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பத்துப் பேர் கும்பலாக நுழைந்தால் அவர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான்.

மூன்றாவது, மலைச்சரிவுகளில் இருக்கும் காப்புக்காடு. இதில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "கூகுள் மேப்பில் பாதை காட்டுதே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்ததற்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். நம்மைப் போலவே விடுமுறை நாளில் குழுவாகக் கிளம்பியவர்கள். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை அரசு கொண்டுவந்தது. வனப்பகுதிக்குள் எந்தக் குழுவும் வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல் மலையேறக் கூடாது. தனியார் யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன், பணம் மட்டும் அனுப்புங்கள்" என்றால், அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, முறையாகப் போவது எப்படி? 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கிய இந்தத் திட்டத்தில், சேலம் மாவட்டத்துக்குக் குண்டூர், நாகலூர் பாதைகள் கிடைத்தன. எளிது, மிதம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திப் பதிவுசெய்ய வேண்டும். பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். பழங்குடி இளைஞர்களையும் காட்டை ஒட்டி வாழும் ஊர்க்காரர்களையும்தான் இதற்குப் பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காட்டெருமை எந்தப் பக்கம் இறங்கும், மழை வந்தால் எந்த ஓடை பெருகும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தானே தெரியும்.

18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பெற்றோருடன் எளிதான பாதையில் மட்டும் போகலாம். அடையாள அட்டை எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

தேதி குறிக்கும்போது காட்டுத்தீ காலத்தை மனதில் வையுங்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மாநிலம் முழுக்க மலையேற்றத்தை நிறுத்திவைத்தார்கள். அந்த மாதங்களில் சருகு காலடியில் அப்பளம் போல நொறுங்கும். அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும்.

மத்தியானம்தான் முடியும் என்கிற குழுவுக்கு என் யோசனை: காட்டுப்பாதையை இன்னொரு நாள் காலைக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாலை வழியாகச் சேர்வராயன் கோயில் பக்கம் நடங்கள். வாரக்கடைசியில் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறுவதற்குள்ளேயே நேரம் ஓடிவிடும். மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கினால், எங்கே இருந்தாலும் நாலரைக்குத் திரும்பிவிட வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், பனிமூட்டம் அதற்கு முன்பே வந்துவிடும். ஏப்ரல், மே என்றால் மத்தியானத்துக்கு மேல் இடி மழை. கடைசியில் வருகிறவர் யார் என்று முதலிலேயே பேசிவைத்து, அவர் கையில் ஒரு டார்ச் கொடுங்கள். சில வளைவுகளில் செல்போன் சிக்னல் இருக்காது. எத்தனை மணிக்குள் வருவோம் என்று கீழே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.