ட்ரையலில் சேரச் சொன்னால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் உங்களுக்கு உள்ள உரிமை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அத்தைக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் கிளினிக்கில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, புது ஊசி மருந்துக்கு ட்ரையல், அதாவது மருந்தை ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி, நடக்கிறது, வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது அது சாப்பாட்டு மேஜையில் மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. 22 பக்கம், எல்லாம் இங்கிலீஷ். "டாக்டர் கொடுத்ததுதானே கண்ணு, எங்கே கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் உட்கார்ந்து பேசியதைத்தான் எழுதுகிறேன், நம் ஆட்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு.

முதலில் சட்டம். விவரம் தெரிந்து நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் உடம்பில் எந்த மருத்துவ ஆராய்ச்சியும் செய்யக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 71ஆவது பிரிவு, இன்னும் தெளிவு: ஆராய்ச்சி எதற்காக, அதனால் உடம்புக்கு என்ன நல்லது கெட்டது வரலாம் என்று சொன்ன பிறகுதான் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லைதான், ஆனால் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக 6ஆவது பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, அதனால் கூச்சப்படவே வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் மாட்டிக்கொண்டோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் அவர்களிடம் சொல்லிவிட்டு விலகுங்கள், ஸ்டீராய்டு போன்ற ஹார்மோன் மருந்தைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

புது மருந்தின் ட்ரையலுக்கு இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும். ஒன்று, 2018இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டு கவுன்சிலுக்குப் பதிலாக வந்த சாப்ரா (SAHPRA) என்ற மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். இன்னொன்று, ஆராய்ச்சியில் சேருபவர்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழு. தேசிய ட்ரையல் பதிவேட்டிலும் அது இருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சேர நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. வந்துபோகும் செலவு, உங்கள் நேரம், சிரமம் மூன்றுக்கும் ஈடு தர வேண்டும். மருந்தால் பாதிப்பு வந்தால் இன்சூரன்ஸ் யார் கொடுக்கிறார்கள் என்பதும் படிவத்திலேயே இருக்க வேண்டும், அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்குப் பெரிய பயம் வெற்று ஊசி. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத ஊசி என்றால் என் சர்க்கரை என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான சர்க்கரை ட்ரையல்களில் நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்து தொடரும், அதற்கு மேல்தான் புது மருந்தோ வெற்று மருந்தோ சேரும். ஆனால் சிலவற்றில் பழைய மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள், அதனால் எது தொடரும், எது நிற்கும், சர்க்கரை எகிறினால் யார் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு சோதனை எதற்கு என்றும் கேட்டார். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசி சரிப்படவில்லை, ஒவ்வாமை வந்தது. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்துப் போட்டதுதான் வேலை செய்தது. அத்தை தினமும் போடும் ஊசி அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் நாம் மறைக்கும் விஷயங்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, ஊரிலிருந்து வந்த லேகியம், எல்லாவற்றையும் நர்ஸிடம் சொல்ல வேண்டும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? அது தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே மாற்றிக் காட்டும். காவடி விரதத்தையும் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

அத்தை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார், முதல் கேள்வி விரதத்தைப் பற்றி. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட், நானும் கூடப் போகிறேன்.